ஏரிக்கு என்ன நிறம்?

போனில் மேப்பைத் திறந்தால் வாலாஜாபாத்துக்குத் தெற்கே பாலாறு நீலமாக ஓடும். அவளூர் போகும் பாலத்தில் நின்று பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். மணலுக்கு நடுவே நாணல் புதர், சீமைக் கருவேலம், மேய்கிற மாடு. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மாதிரி நாட்களில் மட்டும்தான் மேப்பும் ஆறும் ஒன்றுபோல இருக்கும். சுற்றுவட்டார ஏரிகளின் கதையும் இதுதான். திரையில் பன்னிரண்டு மாதமும் நீலம். தரையிலோ சித்திரை, வைகாசிக்கு ஏரிக்குள்ளே டிராக்டர் போகும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள்.

இந்த நீலத்தோடுதான் எனக்குத் தகராறு. வாலாஜாபாத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் இவைதான் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் வழி. மேப் வரைவது கடை சாத்திய பிறகு நடக்கிற வேலை. கியூ.ஜி.ஐ.எஸ். என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2002-இல் தொடங்கி உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தது, இலவசம். போஸ்டர் வடிவமைத்துப் பழகிய கைக்கு அது பிடித்துப்போய்விட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், உத்திரமேரூர் போகிற வழியில் உள்ள ஓர் ஊராட்சியிலிருந்து கேட்டு வந்தார்கள். மார்ச் 22 உலக தண்ணீர் தினம்; தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிற நாட்களில் அதுவும் ஒன்று. அன்றைக்குக் கட்டுவதற்கு ஊர் ஏரிகள் எல்லாம் தெரிகிற மாதிரி ஆறுக்கு நாலில் ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும். கூட வந்த பெரியவர் அந்த ஊர் ஏரியில் மடை திறந்து பாய்ச்சலைப் பார்த்துக்கொள்கிறவர். என் திரையில் இருந்த கூகுள் மேப்பைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, எங்க ஏரி எந்த மாசத்துல இப்டி இருந்துச்சி?”

மேப் என்றால் இடத்தைக் காட்டுவது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்கள் பக்கத்தில் இடத்தைக் காட்டினால் போதாது, காலத்தையும் காட்டியாக வேண்டும். இங்கே ஒரே புல எண் கார்த்திகையில் தண்ணீர், பங்குனியில் புல்வெளி. ஒரே தாளில் இரண்டையும் எப்படி வரைவது? டிஜிட்டல் மேப்பில் கலை என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பளபளக்கும் நிறமும் முப்பரிமாண வித்தையும் அதற்கப்புறம்.

இதே சிக்கலை மிகப் பெரிய ஆறு ஒன்றில் சமாளித்த மனிதர் ஒருவர் உண்டு. ஹரால்ட் ஃபிஸ்க் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர், அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படைக்காக மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியை ஆராய்ந்து 1944-இல் அறிக்கை கொடுத்தார். அதில் ஆற்றின் வளைவு நெளிவுகளை மட்டும் 15 தாள்களில் வரைந்திருக்கிறார். அன்றைக்கு ஓடிய ஆறு வெறும் வெள்ளை. அதற்கு முன்னால் அது படுத்துப் புரண்ட ஒவ்வொரு பழைய தடத்துக்கும் ஒவ்வொரு நிறம். செங்கல் சிவப்பு, வெளிர் பச்சை, மஞ்சள், ரோஜா என்று பட்டை பட்டையாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எது பழையது, எது புதியது என்பது எது எதை வெட்டிக்கொண்டு போகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். பொறியாளர்கள் மேஜையில் விரித்துப் பார்க்க வரைந்தவை. இன்று அவற்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள்.

அந்தத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாலாறு ஞாபகம் வரும். பாலாறு ஒரு காலத்தில் வடக்கே, இன்றைய கொசஸ்தலையாற்றின் தடத்தில் ஓடியது என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பழைய ஓட்டத்தையெல்லாம் நிறம் நிறமாக ஒரு தாளில் வரைந்து நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து வில்லமெட் ஆற்றுக்கு டேனியல் கோ என்பவர் இந்தக் காலத்து முறையில் அதைச் செய்திருக்கிறார். விமானத்திலிருந்து லேசர் கதிர் அடித்து எடுத்த உயர அளவுகளை, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடாமல், ஆற்று நீர்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று மாற்றிப் போட்டார். உடனே கண்ணுக்குத் தெரியாத பழைய வாய்க்கால்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தன. ஒரு கழித்தல் கணக்குதான். யாருக்கு அந்தக் கழித்தல் தோன்றுகிறது என்பதில்தான் விஷயம்.

நம் கதைக்கு வருவோம். முதலில் சேகரம். பாதி நேரம் இதற்கே போகும், வெளியே தெரியாது.

ஊராட்சியில் கிராம வரைபடம் கொடுத்தார்கள். புல எல்லை, ஏரி எல்லை, வாய்க்கால் புறம்போக்கு எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு புலத்துக்கும் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தை இப்போது அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அடுத்து இந்திய நில அளவைத் துறையின் தாள்கள். பழைய எண்முறையில் வாலாஜாபாத் 57 பி/13, அதற்கு நேர் கீழே உத்திரமேரூர் 57 பி/14. அந்தத் தாள்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: தண்ணீர் நிற்கிற இடத்துக்கு நீலம், வறண்டு கிடக்கும் ஓடைக்குக் கறுப்புக் கோடு. அச்சகத்தில் மை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் இருந்த இந்த நுணுக்கம், கோடி நிறம் காட்டும் போன் திரைக்கு வந்ததும் காணாமல் போனது.

மூன்றாவது, செயற்கைக்கோள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்து படமெடுக்கின்றன. ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். காசு கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். நம் கண்ணுக்குத் தெரியும் நிறங்களோடு, தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் அவை பதிவு செய்கின்றன. தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும். பச்சை இலை அதைப் பெருமளவு திருப்பி அனுப்பும். அதனால் அந்தப் படத்தில் தண்ணீர் கன்னங்கரேலென்றும் கோரையும் கருவேலமும் பளிச்சென்றும் விழும். இரண்டு எண்களைக் கழித்து வகுத்தால் எது நீர், எது நிலம் என்று கணினி பிரித்துக் கொடுத்துவிடும்.

ஒரு சங்கடம். மழைக்காலத்தில்தான் ஏரி நிரம்பும், மழைக்காலத்தில்தான் மேகம் மறைக்கும். ஐப்பசி, கார்த்திகைப் படங்களில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. அதற்கு இன்னொரு கோள் இருக்கிறது, சென்டினல்-1. அது ரேடார் அலையை அனுப்பிப் பார்க்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பில் சாய்வாகப் படும் அலை எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், கோளுக்குத் திரும்பாது. அந்த இடம் படத்தில் இருட்டு. ஆகாயத்தாமரை மூடிய ஏரி மட்டும் இரண்டு கோள்களையுமே ஏமாற்றிவிடும். அதற்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னும் பின்னோக்கிப் போக லேண்ட்சாட் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், 1984 முதலான லேண்ட்சாட் படங்களை ஒன்று விடாமல் அலசி, உலகம் முழுக்க 30 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றிலும், பார்த்த தடவைகளில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருந்தது என்று கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறது. அந்தச் சதவீதம் கைக்கு வந்ததும் பெரியவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏரி என்பது ஒரு மாதத்துப் படமாக இருக்க வேண்டியதில்லை. எந்த மூலையில் எவ்வளவு காலம் தண்ணீர் தங்குகிறது என்பதையே நிறமாக்கிவிடலாம்.

அப்படி வரைந்து பார்த்தபோது ஏரிக்கு உருவமே மாறிவிட்டது. மதகுக்கு எதிரே அடர்த்தி. மேற்கே போகப் போக வெளுத்து, கடைசியில் வயலோடு கரைந்துபோகிறது. ஓரிடத்தில் மட்டும் நடுவே செவ்வகம் செவ்வகமாக அடர் கட்டங்கள். இயற்கையில் செவ்வகம் ஏது? ஊராட்சியில் படத்தைக் காட்டியதும் ஒரே குரலில் சொன்னார்கள், சவுடு மண் எடுத்த பள்ளம். சுற்றிலும் காய்ந்தாலும் அதில் தண்ணீர் நிற்கும், மாட்டை இறக்கப் பயம் என்றார்கள். ஒழுங்கான மேப் இப்படித்தான் பேச ஆரம்பிக்கும். நாம் கேட்காத விஷயத்தையும் சொல்லும்.

அடுத்தது கரை. கணினியில் ஏரி என்றால் சுற்றிலும் கோடு போட்ட வடிவம். உண்மையில் எங்கள் பக்கத்து ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது; தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை கட்டி, வருகிற தண்ணீரைத் தடுத்திருக்கிறார்கள். மேட்டுப் பக்கத்தில் கரை ஏது? தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அதுவரை ஏரி. சுற்றிலும் கோடு போட்டால் அது குளமாகிவிடுகிறது. நான் கரையை மட்டும் ஒரு தடித்த கோடாக, மதகும் கலங்கலும் இருக்கும் இடத்தில் வெட்டு விட்டு வரைந்தேன். மற்ற பக்கங்களில் கோடே கிடையாது. நிறம் வெளுத்து வெளுத்து நின்றுவிடும். இந்த ஒரு முடிவுக்கப்புறம் படத்தைப் பார்க்கிற யாருக்கும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் நிற்கிறது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்புக்குறிகளைக்கூட எடுத்துவிட்டேன்.

இனி நிறம். நீலம் வேண்டாம் என்று ஆகிவிட்டது, எது வேண்டும்? ஏரிக்கரையில் நின்று போனில் எடுத்த படங்களிலிருந்து நிறத்தை உறிஞ்சினேன். கோடையில் வெடித்த வண்டல், சாம்பலும் பழுப்பும் கலந்தது. முதல் மழைக்கப்புறம் கோரையின் பச்சை. ஐப்பசியில் வருகிற புதுத்தண்ணீர் செம்பழுப்பு. தை மாதத்தில் தெளிந்து, மயில் கழுத்தை ஒட்டிய ஒரு பச்சைநீலம். காஞ்சிபுரம் பட்டுக்காரர்களுக்கு இந்தக் கடைசி நிறத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு நுனியில் வண்டல், நடுவில் கோரை, மறு நுனியில் மயில் கழுத்து. இந்த வரிசையே என் ஏரி. செம்பழுப்பை விட்டுவிட்டேன். அழகான நிறம்தான், ஆனால் வரிசைக்குள் வைத்தால் அது ஈரமா, காய்ந்ததா என்று பார்ப்பவர் தடுமாறுவார்.

நிற வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. மதிப்பு கூடக் கூட, அடர்த்தியும் கூடிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கும் திடீரென்று வெளுக்கக் கூடாது. வானவில் நிறங்களை வரிசையாகக் கொட்டினால் படம் கண்ணைப் பறிக்கும், ஆனால் நடுவில் வரும் மஞ்சள் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று நின்று, அங்கேதான் ஏதோ விசேஷம் என்று நினைக்க வைத்துவிடும். அமெரிக்க வரைபட அறிஞர் சிந்தியா ப்ரூவர் இதற்கென்றே சோதித்துத் தேர்ந்த நிற வரிசைகளைக் ‘கலர் ப்ரூவர்’ என்ற பெயரில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார். சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாதவர்களுக்கும் விளங்குமா என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். என் கடையில் அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது: ஜெராக்ஸ் மெஷின். படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுத்துப் பார்ப்பேன். அதிலும் ஆழம் தெரிந்தால் நிறம் பாஸ். ஊராட்சி அலுவலகத்துக்குள் போகும் எந்தத் தாளும் கடைசியில் ஜெராக்ஸாகத்தானே ஆகப்போகிறது?

மேடு பள்ளத்துக்கு வேறொரு நாடகம். 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றிவந்து ரேடாரால் உலகின் பெரும்பகுதியை உயரம் அளந்தது. அந்தத் தரவு நமக்கும் கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஊர் ஏறக்குறைய சமதரை. அந்த அளவையில் சில மீட்டர் பிழை சகஜம். ஏரிக்கரையின் உயரமே சில மீட்டர்தான். உள்ளபடி நிழல் போட்டால் ஒன்றும் தெரியாது. ஆகவே உயரத்தைப் பல மடங்கு பெருக்குவார்கள். எத்தனை மடங்கு என்று எந்தப் புத்தகமும் கட்டளையிடாது, கண்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கூடினால் வாலாஜாபாத் ஏலகிரி ஆகிவிடும்.

இன்னொரு வேடிக்கை, வெளிச்சம். மேப்புகளில் நிழல் போடும்போது சூரியன் வடமேற்கில் இருப்பதாக வைத்துக்கொள்வது உலக வழக்கம்.  நம் ஊரிலோ மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. உண்மைக்கு விசுவாசமாகத் தெற்கிலிருந்து வெளிச்சம் அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? மலையெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மலையாகவும் தெரியும். தாளின் மேல்பக்கமிருந்து வெளிச்சம் வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் போன்றவர்கள் இந்த நிழலை ஓவியமாகவே கையால் தீட்டினார்கள். நான் வடமேற்கு வெளிச்சத்தையே வைத்து, நிழலை மிக மெல்லியதாக ஏரிக்கரைகளுக்கு மட்டும் விட்டேன்.

இவ்வளவு தொழில்நுட்பம் பேசிவிட்டு உத்திரமேரூரைப் பற்றிச் சொல்லாமல் போனால் அடிப்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைக்காகப் பேர்போனவை. ஊரை 30 குடும்பாகப் பிரித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததும், ஏரி வாரியத்துக்கு 6 பேர் வைத்ததும் அதில் இருக்கிறது. என் தொழிலுக்கு அவற்றைவிட நெருக்கமானவை அந்த ஊரின் நில தானக் கல்வெட்டுகள். ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்பதை இன்ன வதிக்கு, அதாவது வடக்கு தெற்காகப் போகும் காலுக்கு, கிழக்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, எத்தனையாவது கண்ணாறு, எத்தனையாவது சதுரம் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். வதிக்குக் கிழக்கு மேற்கும் வாய்க்காலுக்கு வடக்கு தெற்கும் சொல்வதிலிருந்தே ஊர்நிலம் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டிருந்தது விளங்கும். நான் கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் தீர்க்கரேகை, அட்சரேகை என்று இரண்டு எண் கொடுக்கிறேன். அவர்கள் வதியும் வாய்க்காலும் கொடுத்தார்கள். படமே வரையாமல் மேப் போட்டிருக்கிறார்கள், அதையும் ஊர் நிலத்துக்கு உயிர் கொடுக்கும் நீரோட்டத்தையே அளவுகோலாக வைத்து. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970-இல் உத்திரமேரூர் பற்றிப் பாண்டிச்சேரியிலிருந்து வெளியிட்ட பிரெஞ்சு நூலில் இந்தக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கிய வைரமேகத் தடாகம் இன்றும் உத்திரமேரூர் ஏரியாக இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு ஜாகீர் கைக்கு வந்ததும் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பி 1767 முதல் 1774 வரை சுமார் 2000 ஊர்களை அளந்தார்கள். எங்கள் பகுதி அந்த ஜாகீருக்குள்தான். வீடு, நிலம், ஏரி, தோப்பு, யார் யாருக்கு என்ன பங்கு என்று ஊர்க்கணக்கர்கள் எழுதிய ஓலைகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரவு என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் செய்த தரவுச் சேகரம்.

இப்போதைய தரவுக்கு வந்தால், மழைக்காலத்தில் செய்தித்தாளைப் புரட்டுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் 381 ஏரிகளில் இத்தனை முழுதாக நிரம்பின, இத்தனை முக்கால், இத்தனை பாதி, இத்தனை கால் என்று செய்தி வரும். 2019-இல் பிரிந்துபோன செங்கல்பட்டுக்கு 528. நான் ஒரு பருவம் முழுக்க இந்தச் செய்திகளை வெட்டி வைத்து அதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். வழக்கமான பட்டை வரைபடம் போட்டால் ‘நிரம்பிய ஏரி’ என்ற ஒரு தூண் உயர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். அதில் தென்னேரியும் ஒன்று, நாலு வயலுக்குப் பாயும் ஏரியும் ஒன்று. தென்னேரி நிரம்புவதற்கும் சின்ன ஏரி நிரம்புவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதனால் ஒவ்வொரு ஏரிக்கும் வலப்பக்கம் கரை வைத்த ஒரு பிறை. பரப்புக்குத் தக்க அளவு. உள்ளே அன்றைய நிலைக்குத் தக்க நிறம். அவற்றை அகரவரிசையில் அடுக்கவில்லை, தண்ணீர் இறங்கும் வரிசையில் அடுக்கினேன். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. தாளில் நிறம் இடமிருந்து வலமாக இறங்கி வரும். எங்காவது மேலே நிரம்பியும் கீழே வெளுத்துக் கிடந்தால் இடையில் வாய்க்காலில் என்னவோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். தூண் வரைபடத்தில் இது ஜென்மத்துக்கும் தெரியாது.

இந்த 381-க்குள் வராத ஏரிகளும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 100 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். தாங்கல்களும் அப்படித்தான். பட்டியலை மட்டும் நம்பி வரைந்தால் மேப்பில் அவை இல்லாமலே போய்விடும்.

எழுத்து விஷயம் என் சொந்தக் களம் என்பதால் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். ஆங்கில மேப்புகளில் ஆறு, ஏரிப் பெயர்களைச் சாய்வெழுத்தில் எழுதுவது பழைய மரபு. தமிழுக்கு அந்த மரபு கிடையாது. எழுத்தைச் சாய்த்தால் விழப்போகிறது என்றுதான் தோன்றும். ஆற்றின் வளைவோடு பெயரை வளைத்து, எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு நீட்டுவதும் அங்கே வழக்கம். தமிழில் அதைச் செய்தால் பல மென்பொருள்கள் கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் பிய்த்துப் போட்டுவிடும்; திருமுக்கூடலில் மூன்று ஆறு கூடுகிறது, மென்பொருளில் ஊர்ப்பெயரே கூட மறுக்கும். நான் நீர்ப்பெயர்களை வளைக்காமல், மெல்லிய எழுத்தில், ஏரியின் அடர் நிறத்திலேயே வைக்கிறேன். ஊர்ப்பெயர் தடித்த கறுப்பு. எத்தனை பெயர் வைப்பது என்பதும் ஒரு வம்பு. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரை விட்டால் வரும் சண்டையெல்லாம் மேப்பிலும் வரும்; ஆனால் பத்திரிகையைப்போல எல்லாரையும் சேர்த்தால் படத்தில் நிலமே தெரியாது. அந்த ஊர் மேப்பில் பெட்ரோல் பங்க், செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுடுகாட்டுப் பாதையை வைத்தேன். அது ஏரிக்கரை மேல் போகிறது.

அச்சுக்குப் போகுமுன் பெரியவர் ஒருமுறை வந்து பார்த்தார். கரை, மதகு, கலங்கல் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். கடைசி ஏரியில் விரல் நின்றது. “கலங்கத் தண்ணி இப்ப இப்டி வர்றதில்லம்மா. நடுவுல பிளாட்டு போட்டுட்டாங்க. ரோட்டோரமா சுத்திக்கினு போவுது.” கிராம வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு நேர்கோடாகக் கீழ் ஏரிக்குப் போகிறது. செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் மனை பிரித்த கல் வரிசை. ஆவணத்தை வரைந்தால் தண்ணீர் பொய். தண்ணீரை வரைந்தால் ஆவணம் மறைந்துவிடும். இரண்டையும் வரைந்தேன். இன்றைக்கு ஓடுவது அழுத்தமான கோடு. பதிவேட்டில் இருப்பது புள்ளிக்கோடு, ஓரத்தில் புல எண்கள் பொடி எழுத்தில்.

கிராம சபையில் ஃபிளெக்ஸைக் கட்டியதும் எல்லாரும் முதலில் அவரவர் வீட்டைத் தேடினார்கள், அப்புறம் கோயிலை. ஏரிக்கு ஏன் நீலம் அடிக்கவில்லை என்று யாருமே கேட்கவில்லை. மகளிர் குழுவில் ஓர் அக்கா புள்ளிக்கோட்டில் விரல் வைத்து, “இது இன்னாம்மா, அறுந்து அறுந்து போவுது?” என்றார். சொன்னேன். அந்த மூலையை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரும் இன்னும் சிலரும் கடைக்கு வந்தார்கள். அந்த மூலை மட்டும் ஏ3 தாளில் வேண்டும், புல எண் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மனுவோடு இணைக்கவாம். கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும் என்றார்கள்.